வழுவும் வழுவமைதியும்: ‘டொக்டர் ஹூ’ நாடகத்தொடரிற் பிரமாண விசாரம்

ஒருவர் ஓரிடத்திருந்து எழுதி முடித்த கதையில் முன்னுக்குப் பின் முரண் காணப்படின் அஃது ஆசிரியரது மறதி எனப்படும். பலர் பல தலைமுறையாக, ஒருவர் எழுதியதை மற்றொருவர் முற்றும் பாராமலே தொடர்ந்து எழுதிச் செல்லும் கதையிலோ முரண் தோன்றாதிருத்தலே வியப்பிற்குரியது. பிரித்தானியாவிலே பி.பி.சி. நிறுவனம் 1963 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி ஒளிபரப்பத் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானப் புனைகதை நாடகத்தொடர் இத்தகையது. 1989 இல் அது நின்றது. 1996 இல் ஒரேயொரு தொலைக்காட்சித் திரைப்படமாகத் தலைகாட்டிற்று. 2005 இல் மீண்டும் உயிர்பெற்றது. இதன் கதைகளுள் எவற்றை மெய்யாக நிகழ்ந்தனவாக ஏற்பது, ஏற்றவை தம்முள் மாறுபடின் எங்ஙனம் இயைப்பது என்னும் இரு வினாக்களையும் இத்தொடரின் இரசிகர் அரை நூற்றாண்டாக விடாது விவாதித்து வந்துள்ளனர். முன்னதைப் பிரமாண வினா என்றும் பின்னதை இயைபு வினா என்றும் வழங்கலாம். விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்விவாதத்தின் அடியிலே, ஒரு கதை யாருக்கு உரியது என்னும் வினா கிடக்கின்றது.

தொடரை அறியாதார் பொருட்டு அதன் அமைப்பைச் சுருங்கக் கூறல் வேண்டும். டொக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் தலைமைப் பாத்திரம் வேற்றுலகத்தவர். காலத்தினூடும் வெளியினூடும் செல்லும் அவரது கலம் ‘டார்டிஸ்’ எனப்படும். புறத்தே அஃது இலண்டன் தெருக்களில் ஒரு காலத்து நின்ற நீலநிறப் பொலிஸ் பெட்டியின் வடிவினது. முதலில் இப்பாத்திரத்தை ஏற்ற வில்லியம் ஹார்ட்னெல் 1966 இல் உடல்நலங் குன்றி விலக நேர்ந்தபோது, டொக்டர் ஒருவர் மறைந்து அவரே வேறொரு முகத்தோடும் குணத்தோடும் எழுந்ததாகக் காட்டி, பற்றிக் ட்ரோட்டன் என்னும் நடிகரை அவ்விடத்தில் அமர்த்தினர். இவ்வாறு புத்துருக் கொள்ளல் அக்காலத்து ஒரு நெருக்கடிக்குக் கண்ட உபாயமேயன்றி விதியன்று. பின்னாளிற் பல நடிகர் மாறியபின், 1974 இலேதான் அதற்கு இன்று வழங்கும் பெயர் கிடைத்தது. டொக்டரின் இனத்தார் ‘காலத் தலைவர்’ என்பதும், அவர் அவர்களிடமிருந்து தப்பியோடியவர் என்பதும் 1969 இல் வெளிவந்த ‘போர் விளையாட்டுக்கள்’ என்னும் கதையிலேதான் சொல்லப்பட்டன. ஆறாண்டு ஓடிய தொடருக்குத் தன் நாயகன் யார் என்பதே தெரியாதிருந்தது எனலாம்.

பிரமாணம் என்னும் பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் ‘கனன்’ என்னுஞ் சொல் கிறித்தவ சமயத்திலிருந்து வந்தது. வேதாகமத்துட் சேர்க்கத்தக்கவையெனச் சபையார் ஏற்ற நூல்களின் தொகுதியை அது குறித்தது. பொழுதுபோக்குக் கதைகளுக்கு இச்சொல் இடம்பெயர வழிசெய்தவர் ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளின் சுவைஞரே. 1911 இல் ரொனால்ட் நொக்ஸ் ஒக்ஸ்போர்ட்டிலே படித்த ஒரு கட்டுரையில், வேதாகம ஆராய்ச்சியாளர் கையாண்ட முறைகளை நகைச்சுவை தோன்ற அத்துப்பறியுங் கதைகள்மேற் செலுத்திக் காட்டினார். வொட்சனுக்குப் போரிற் பட்ட காயம் ஒரு நாவலிலே தோளிலும் மற்றொன்றிலே காலிலும் இருப்பது எங்ஙனம் என்பது போன்ற வினாக்கள் அதன்பின் ஒரு கல்வித்துறை போலவே வளர்ந்தன. ஆயின் அக்கதைகளை எழுதியவர் கொனன் டொயில் ஒருவரே; அவை அறுபது; அவர் 1930 இல் மறைந்தார். எல்லை வகுத்த வயலில் உழுதல் எளிது. டொக்டர் ஹூவுக்கோ தனி ஆசிரியரும் இல்லை, முடிவும் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. உரிமையாளரே ஆணையிட்டு எல்லை வகுத்தல் அது. ‘ஸ்டார் வோர்ஸ்’ திரைப்படங்களை ஒட்டி எழுந்த நாவல்களும் சித்திரக்கதைகளும் நெடுங்காலம் ஒரே வரலாற்றின் பகுதிகளாக வெளிவந்தன. 1991 இல் திமோதி சான் எழுதிய நாவல், திரைப்படங்கள் ஓய்ந்திருந்த காலத்தில் அக்கதையுலகை மீண்டுந் தளிர்க்கச் செய்தது. 2012 இல் டிஸ்னி நிறுவனம் லூக்காஸ்பிலிம் நிறுவனத்தை வாங்கியது. 2014 ஏப்ரலிலே, அதுவரை வந்த நாவல்களும் சித்திரக்கதைகளும் இனிப் பிரமாணமாகா என்றும், அவை ‘லெஜென்ட்ஸ்’, அஃதாவது பழங்கதை, என்னும் பெயரோடு விற்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. 1999 இல் வந்த ஒரு நாவலிலே உயிர்துறந்த சூபாக்கா என்னும் பாத்திரம் 2015 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் உயிரோடு தோன்றியது. புதுப்படம் எடுப்போருக்கு இவ்வாணை வேண்டியதே. நூற்றுக்கணக்கான நாவல்களின் சுமையோடு ஒருவரும் புதுக்கதை எழுத இயலாது. எனினும் அப்பாத்திரத்தின் மரணத்துக்கு வருந்தி, அதன்பின் வந்த நூல்களையும் வாங்கிப் படித்துவந்த வாசகருக்கு, அவ்வருத்தம் இனிச் செல்லாது என்று ஓர் அலுவலகம் அறிவித்தது போலாயிற்று. அந்நாவல்களிலே பிறந்த த்ரோன் என்னும் தளபதி 2016 இற் புதிய தொலைக்காட்சித் தொடரொன்றில் மீளத் தோன்றியமை, ஆணையிட்டோர்க்கும் அந்நூல்களை முற்றாகத் தள்ள இயலவில்லை என்பதைக் காட்டும்.

ஆசிரியன் தானே தன் கதையை மாற்றுதல் இதனின் வேறு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1968 இல் வெளியிட்ட ‘2001’ நாவலில் விண்கலத்தைச் சனிக்கோளுக்கு அனுப்பினார். அதே ஆண்டில் வந்த திரைப்படத்திலோ அது வியாழனுக்குச் சென்றது. 1982 இல் அவர் எழுதிய தொடர்நாவல் தம் முதல் நாவலை விட்டுத் திரைப்படத்தையே பின்பற்றியது. தம் நூல்கள் ஒரே பொருள்மேல் எழுந்த வேறுபாடுகளேயன்றி நேர்கோட்டுத் தொடர்ச்சியல்ல என்பது அவர் கொள்கை. அதை வாசகர் குறைகூறாது ஏற்றனர்; எழுதியவர் ஒருவரே ஆதலின்.

பி.பி.சி. நிறுவனமோ டொக்டர் ஹூ கதைகளுள் இவை பிரமாணம், இவை அல்ல என்று ஒருகாலும் பட்டியலிட்டதில்லை. தொலைக்காட்சியில் வந்தவை ஏற்புடையன என்பதில் மட்டும் இரசிகரிடை ஏறத்தாழ ஒருமைப்பாடு உண்டு. பீட்டர் குஷிங் நடித்து 1965 இலும் 1966 இலும் வந்த இரு திரைப்படங்களில் நாயகன் பூவுலக விஞ்ஞானியாகக் காட்டப்பட்டமையின் அவை புறத்தே நிறுத்தப்பட்டன. தொடர் நின்றிருந்த காலத்தில், 1991 முதல் வந்த நாவல்களும், 1999 முதல் பிக் ஃபினிஷ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடகங்களுமே சிக்கலானவை. அந்நாவல்களுள் ஒன்று போல் கோர்னெல் 1995 இல் எழுதியது. அதிலே ஏழாவது டொக்டர் தன்னை மறந்து மனிதனாகி, முதல் உலகப்போருக்குச் சற்று முன் ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியராகிறார். 2007 இல் அதே ஆசிரியர் அதே கதையைத் தொலைக்காட்சிக்கு எழுதியபோது அது பத்தாவது டொக்டருக்கு நிகழ்ந்தது. நாவலை ஏற்பின், டொக்டர் வாழ்வில் ஒரே நிகழ்ச்சி இருமுறை நிகழ்ந்ததாகும். தள்ளின், தொடர் செத்துக்கிடந்த ஆண்டுகளில் அதன் உயிரைக் காத்தவற்றைத் தள்ளியதாகும். அவ்வாசிரியரே அவ்வாண்டில் எழுதிய கட்டுரையொன்றில், இத்தொடருக்குப் பிரமாணம் என ஒன்றில்லை, அதை விதிக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை என வாதித்தார். 2013 இல் ஒரு குறுநாடகத்தில், எட்டாவது டொக்டராகிய போல் மக்கான் உயிர்பிரியும் வேளையிலே தன் பழைய தோழரின் பெயர்களைச் சொன்னார். அப்பெயர்கள் ஒலிநாடகங்களில் மட்டுமே வந்தவை. ஒலிநாடகங்களைக் கேட்டுவந்தோர்க்கு அச்சில விநாடிகள் பெரும் பரிசாயின.

விவாதத்துக்கு ஆதாரமாக வேண்டிய மூலமே சிதைந்து போனமை இத்தொடரின் தனித்தன்மை. முதல் ஆறாண்டுகளில் ஒளிபரப்பான அங்கங்கள் 253. நாடாவின் விலை கருதியும், மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தோடு செய்த உடன்பாடு இடந்தராமையாலும், 1967 முதல் பத்தாண்டுக்கு மேலாக அந்நாடாக்கள் அழிக்கப்பட்டன; வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகளும் பெரும்பாலும் எரிக்கப்பட்டன. தொண்ணூறுக்கு மேற்பட்ட அங்கங்கள் காட்சியாக எங்கும் அகப்படாது போயின. ஆயின் அவற்றுள் ஒவ்வொன்றின் ஒலியும் எஞ்சியுள்ளது. காரணம், அக்காலத்திலே வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் சிறுவரும் இளைஞரும் பதிந்து வைத்தமையே. உரிமையாளர் பயனற்றதென அழித்ததை உரிமையில்லாதார் காத்தனர். பிரமாணத்தை வகுக்கும் உரிமை இவர்க்கும் உண்டென்னும் எண்ணம் எழுந்ததற்கு இதைவிட வலிய காரணம் வேண்டியதில்லை.

இவ்வுரிமை ஓரோவழி தீங்கும் பயந்தது. 1967 இல் வந்த ‘சைபர்மனிதரின் கல்லறை’ என்னும் கதை அழிந்துபோய், கண்டோர் நினைவிலே பெருங்காவியமாக வளர்ந்திருந்தது. 1985 இல் அதற்கும் 1966 ஆம் ஆண்டுக் கதையொன்றுக்கும் தொடர்ச்சியாக ஒரு நாடகம் எழுதப்பட்டது. முன்கதை அறியாதார்க்கு அதன் நோக்கம் விளங்குதல் அரிது. முன்கதையைக் காண விரும்புவோர்க்கோ அது கிடைப்பதும் இல்லை. பத்தொன்பதாண்டுக்கு முன் ஒருமுறை ஒளிபரப்பானதை நினைவில் வைத்திராத சாதாரணக் குடும்பத்தார் என் செய்வர்? இயைபு என்பது கதைக்கு எலும்பு போல்வது. அதுவே புறத்தே துருத்தி நிற்கின் காண்பார்க்கு இன்பமில்லை. 1991 இல் அப்பழைய கதை ஹொங்கொங்கிலே கண்டெடுக்கப்பட்டு அடுத்த ஆண்டு வெளியானபோது, நினைவில் இருந்த காவியத்துக்கும் கண்ணெதிரே ஓடிய நாடகத்துக்கும் இடையே சிலர் வேறுபாடு கண்டனர்.

இனி முரண்களை நோக்கின், அவற்றுட் பல சிறியன. அற்லாண்டிஸ் என்னும் தொன்னகர் 1967, 1971, 1972 ஆகிய ஆண்டுக் கதைகளில் மூன்று வெவ்வேறு காரணங்களால் அழிந்ததாகக் கூறப்படுகிறது. டாலெக்குகள் என்னும் பகைவரின் முன்னோர் முதற்கதையில் ‘டால்’ இனத்தார்; 1975 இல் வந்த கதையில் ‘காலெட்’ இனத்தார். இவற்றை நகைத்துக் கடப்பார் உளர். கடக்க முடியாதது யுனிற் என்னும் படைப்பிரிவின் காலக்கணக்கு. பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டுவர்ட் என்னும் அதிகாரியின் தலைமையில் இப்படை பூமியைக் காத்த கதைகள் பெரும்பாலும் 1970 முதல் 1975 வரை வந்தவை. அவர் முதலில் தோன்றிய 1968 ஆம் ஆண்டுக் கதை, 1935 இல் நிகழ்ந்ததாகக் கூறப்படும் வேறொரு கதைக்கு நாற்பதாண்டு பிற்பட்டது எனச் சொல்லப்படுகிறது. அடுத்த கதை அதற்கும் நான்காண்டு பிற்பட்டது. ஆகவே படைப்பிரிவின் கதைகள் 1979 அளவிலே தொடங்கல் வேண்டும். 1975 இல் ஒளிபரப்பான கதையில், இதழாளராகிய சேரா தாம் 1980 ஆம் ஆண்டைச் சேர்ந்தவர் என்கிறார். கணக்கு நன்கு பொருந்துகின்றது. ஆயின் 1983 இல் வந்த கதையொன்றிலே பிரிகேடியர் 1977 ஆம் ஆண்டிலேயே படையினின்று ஓய்வுபெற்று ஒரு பள்ளியிற் கற்பிக்கின்றார். தலைவர் ஓய்வுபெற்ற பின்னரே படை தோன்றியதாக முடிகிறது! அவர் அங்குக் கற்பித்த பாடம் கணிதம் என்பது நினைந்து நகைத்தற்குரியது.

இவ்வழுவின் காரணம் கதையுலகிற்குப் புறத்தே உள்ளது. அப்பள்ளியாசிரியர் பாத்திரம், 1963 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விஞ்ஞான ஆசிரியராக வந்த இயன் செஸ்ரர்ட்டனுக்கென வகுக்கப்பட்டது. அந்நடிகர் கிடையாமையாற் பிரிகேடியர் அவ்விடத்திற் புகுத்தப்பட்டார். காரணம் அறிந்த இரசிகரும் விடை தேடுதலை விட்டிலர். கதைக்குள் எழுந்த வினாவுக்குக் கதைக்குள்ளேயே விடை காணல் வேண்டும் என்பது இவ்விளையாட்டின் விதி. தமிழிலக்கணத்தில், வழுவாயினும் ஒரு காரணம் பற்றி அமைத்துக் கொள்ளப்படுவதை வழுவமைதி என்பர். இவர் தேடுவதும் அதுவே. கண்ட விடைகள் பல, ஒன்றும் நிலைபெறவில்லை. 2008 ஆம் ஆண்டு நாடகத்தில் டொக்டரே தாம் அப்படையிற் பணியாற்றியது எழுபதுகளிலா எண்பதுகளிலா என ஐயுறுகின்றார். 2013 இல் பிரிகேடியரின் மகள், ஒரு பழைய கோப்பின் காலம் எம்முறையிற் கணிப்பது என்பதைப் பொறுத்து எழுபதுகளோ எண்பதுகளோ ஆகும் என்கிறார். வினாவைத் தீர்க்க இயலாத எழுத்தாளர், அவ்வினாவையே கதைக்குள் வைத்து இரசிகரை வணங்கினர் எனலாம்.

உயிர்களின் எண்ணிக்கை பற்றிய வழக்கு இதனினும் நீண்டது. 1976 ஜனவரியில் வந்த ‘மோர்பியஸின் மூளை’ என்னும் கதையிலே, டொக்டரின் முந்திய முகங்கள் காட்டப்படுமிடத்து ஹார்ட்னெலுக்கும் அப்பால் எட்டு முகங்கள் தோன்றின. அவை தயாரிப்பாளரும் ஏனைய கலைஞரும் வேடமிட்டு எடுத்த நிழற்படங்கள். அதே ஆண்டின் இறுதியில் வந்த ‘கொடிய கொலையாளி’ என்னும் கதையோ, காலத் தலைவர் ஒருவர் பன்னிருமுறையே புத்துருக் கொள்ள இயலும் என விதித்தது. இரு கதைகளிலும் ரொபேட் ஹோம்ஸ் என்னும் எழுத்தாளரின் கை இருந்தது. இரசிகர் முன்னதை மறந்து பின்னதை வேதமாகக் கொண்டனர். ஆயினும் பின்னதும் வந்த காலத்தில் இகழப்பட்டதே. அவ்வாண்டு தொடங்கிய இரசிகர் சங்கத்தின் தலைவர், காலத் தலைவரின் மாட்சியை அக்கதை கெடுத்தது எனக் கடுமையாகக் கண்டித்தார். இன்று அது தொடரின் சிறந்த கதைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஒரு தலைமுறையார்க்கு வழுவாக இருந்தது அடுத்த தலைமுறையார்க்குப் பிரமாணமாதல் இவ்வாறே. 2013 ஆம் ஆண்டு நத்தார் நாடகத்திற் பன்னிரண்டும் முடிந்துவிட்டதாகக் கணக்குக் காட்டி, டொக்டருக்குப் புதியதொரு தொகுதி வழங்கப்பட்டது. 2020 மார்ச் முதலாந் திகதி வந்த நாடகமோ, ஹார்ட்னெலுக்கு முன்னரே அறியப்படாத பல பிறவிகள் இருந்தன என வெளிப்படுத்தி, நாற்பத்து நான்கு ஆண்டுக்கு முந்திய அவ்வெட்டு முகங்களையும் மீண்டுங் காட்டிற்று. ‘முதல் டொக்டர்’ முதல்வர் அல்லர் என்பது பலர்க்குப் பெருந்துயர் விளைத்தது. தொடரின் தொடக்கத்தையே மாற்றுதல் எல்லை கடந்த செயலெனச் சிலரும், பழைய வழுவொன்று அமைதி பெற்றதெனச் சிலரும் வாதிட்டனர்.

உரை மூலமாகும் விந்தையை அறிய மேற்கூறிய ‘போர் விளையாட்டுக்கள்’ கதைக்கு மீளல் வேண்டும். அதன் முடிவில் காலத் தலைவர் டொக்டரைப் பிடித்து விசாரித்து, அவர் தோழராகிய ஜேமி, சோயி இருவரின் நினைவை அழித்துத் திருப்பியனுப்பி, டொக்டரின் முகத்தை மாற்றிப் பூமிக்கு நாடுகடத்துகின்றனர். முகம் மாறி முடிந்ததை அக்கதை காட்டவில்லை. ட்ரோட்டன் இருளிற் சுழன்று மறைய, 1970 ஜனவரியில் ஜோன் பேர்ட்வி டார்டிஸினின்று வெளியே விழுகின்றார். பின்னர் 1983 இல் வந்த ஆண்டுநிறைவு நாடகத்தில், ட்ரோட்டனின் டொக்டர் தோழரின் நினைவு அழிக்கப்பட்டதை அறிந்தவராகப் பேசுகிறார். 1985 இல் அவரே காலத் தலைவரின் ஏவலிற் பணிசெய்பவராக, மூப்புத் தோன்ற வருகின்றார். தப்பியோடியவர் ஏவலாளானது எப்போது? 1995 இல் கோர்னெல் உள்ளிட்ட மூவர் எழுதிய வழிகாட்டி நூலொன்று ஒரு வழுவமைதி கூறிற்று: தண்டனைக்கும் முகமாற்றத்துக்கும் இடையே காலத் தலைவர் டொக்டரைச் சிலகாலம் இரகசியப் பணியிற் பயன்படுத்தினர் என்பது. ஆறாம் பருவத்துக்கும் ஏழாம் பருவத்துக்கும் இடைப்பட்ட இக்கற்பிதக் காலத்தை அவர்கள் ‘ஆறு பி’ என்றனர்.

இஃது உரையாசிரியர் கூற்றேயன்றி மூலத்தில் இல்லை. ஆயின் ‘போர் விளையாட்டுக்கள்’ கதையை எழுதிய இருவருள் ஒருவரான ரெறன்ஸ் டிக்ஸ், 2005 இல் வெளியிட்ட நாவலை அக்காலப்பகுதியிலேயே அமைத்தார். உரைகாரர் ஊகித்ததை மூலகாரரே ஏற்றுக் கையெழுத்திட்டது போன்றது இது. 2022 இல் பிக் ஃபினிஷ் நிறுவனம், பற்றிக் ட்ரோட்டனின் மகனாகிய மைக்கல் தந்தையின் பாத்திரத்தை ஏற்க, அதே காலப்பகுதியில் ஒலிநாடகங்களை வெளியிடத் தொடங்கியது. தொலைக்காட்சியில் ஒரு கணமும் காட்டப்படாத பருவம், நம்புவோரின் எண்ணிக்கையாலே மெய்ம்மை பெற்றது.

2024 டிசெம்பரில் பி.பி.சி. நிறுவனம் அப்பழைய கதையைச் சுருக்கி, வண்ணமூட்டி, ‘வண்ணத்திற் போர் விளையாட்டுக்கள்’ என ஒளிபரப்பியது. பத்து அங்கங்கள் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரமாயின. இறுதியில், 1969 இல் எவரும் எடாத காட்சியொன்று சேர்க்கப்பட்டிருந்தது: ட்ரோட்டனின் முகம் பேர்ட்வியின் முகமாக மாறுதல். ஏட்டுச்சுவடி ஆராய்வார் இடைச்செருகல் எனப் பெயரிடும் செயல் இது. செருகியவர் ஏட்டுக்கு உரியவர் என்பதே வேறுபாடு. தண்டனையின் பின் உடனே முகம் மாறியதெனின் ‘ஆறு பி’ பருவத்துக்கு இடமில்லை என்றனர் ஒருசாரார். காட்சி எப்போது நிகழ்ந்தது என அந்நாடகம் கூறவில்லை; தீர்ப்புக்கும் அக்காட்சிக்கும் இடையே எத்தனையாண்டும் கழிந்திருக்கலாம் என்றனர் மறுசாரார். கறுப்பு வெள்ளையிலுள்ள பத்து அங்கங்களும் அழியாது எஞ்சியவற்றுட் சேர்ந்தமையின், இரு பாடங்களையும் அருகருகே வைத்து ஒப்புநோக்க இரசிகர்க்குத் தடையில்லை.